பத்லி கேட்ட மத்தியானம்

பேய் என்றால் எல்லோரும் இருட்டைத்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பேய் பட்டப்பகலில் வந்தது. அதுவும் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்து வெள்ளிக்கிழமை, உச்சி வெயிலில், வாசல் நிறையப் புளி காய்ந்துகொண்டிருந்தபோது வந்தது. எண்பத்து மூன்றோ நாலோ இருக்கும். நான் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். கடத்தூரிலிருந்து உள்ளே போகும் மண் ரோட்டில், வேதக்காரர்கள் என்கிற கிறிஸ்தவர்கள் கொஞ்சம் பேர் குடியிருக்கும் ஊர் எங்களுடையது. பூசை வைக்கச் சாமியார் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாட்களில் செபம் சொல்வது, மணி அடிப்பது, பயந்த பிள்ளைகளுக்குத் தீர்த்தம் தெளிப்பது எல்லாம் உபதேசியார் பொறுப்பு.

அப்பா மிலிட்டரியிலிருந்து பென்ஷனோடு வந்திருந்தார். அதற்கு முன்பு லீவில் வந்துபோகும் விருந்தாளியாகத்தான் எனக்கு அவரைத் தெரியும். அவர் லீவில் வருகிற அன்றைக்கு ஊர் ஆண்கள் பாதிப்பேர் எங்கள் வாசலில் நிற்பார்கள். அவர்கள் பார்க்க வந்தது அப்பாவை அல்ல, டிரங்குப் பெட்டிக்கு அடியில் துண்டு சுற்றி வைத்திருக்கும் கேண்டீன் ரம்மை என்பது எனக்கே தெரியும். பனிமலையில் காவல் நிற்கிறவர்களுக்குச் சர்க்காரே அதை அளந்து ஊற்றிக் கொடுக்கும் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். அது மருந்து மாதிரி என்பாள். பென்ஷனில் வந்த பிறகு அந்த மருந்து சாயங்காலம் போதாமல் காலையிலும் தேவைப்பட்டது.

குடித்துவிட்டுச் சத்தம் போடுகிறவர் இல்லை அப்பா. யாரையும் கை நீட்டியதில்லை. குடித்தால் அவர் குரல் இன்னும் இறங்கிவிடும், அவ்வளவுதான். ஆனால் காடு உழாமல் கிடந்தது. சோறு இறங்கவில்லை. காலையில் கை நடுங்கும் நடுக்கத்தில் சட்டைப் பொத்தானை மாட்ட வராது, நான்தான் மாட்டிவிடுவேன். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அத்தனை வருஷம் எங்கேயோ இருந்த அப்பாவின் முகம் அவ்வளவு பக்கத்தில் எனக்குக் கிடைத்தது அந்த நேரத்தில்தான். அம்மா மட்டும் அதைப் பார்க்கப் பொறுக்காமல் அடுப்பங்கரைக்குள் போய்விடுவாள்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். பரலோகத்தில் அத்தைக்குத் தெரியாத ஆளே கிடையாது. சாவி தொலைந்தால் அந்தோணியார், கூரை ஒழுகினால் சூசையப்பர், பாம்பு வந்தால் மிக்கேல் சம்மனசு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை வைத்திருந்தாள். தம்பியின் குடியை மட்டும் நேரே ஆண்டவரிடமே கொண்டுபோவது என்று தீர்மானித்தாள். விபூதிப் புதனன்று நெற்றிச் சாம்பலோடு அப்பாவைப் பீடத்துக்கு இழுத்துப்போய், பாடுபட்ட சுரூபத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் பண்ண வைத்தாள். மற்றவர்கள் தபசு காலத்துக்குக் கறியை விடுவார்கள், வெற்றிலையை விடுவார்கள். அப்பா இனிமேல் ஆயுசுக்கும் ரம்மைத் தொடுவதில்லை என்று சொன்னார். அம்மா கோயிலிலேயே உட்கார்ந்து அழுதாள். வீட்டுக்கு வந்ததும் அத்தை மிச்சமிருந்த பாட்டில்களை எருக்குழியில் கவிழ்த்துவிட்டு, கையைச் சாம்பல் போட்டுக் கழுவினாள்.

வியாழக்கிழமை அப்பாவுக்கு வியர்த்து ஊற்றியது. சாத்தான் வெளியே போகிறான், அதுதான் தண்ணீராகக் கொட்டுகிறது என்றாள் அத்தை. அம்மாவும் நம்பினாள். வெள்ளிக்கிழமை காலையில் அப்பா தன் கையிலிருந்து எறும்புகளைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். எறும்பு ஒன்றுகூட இல்லை.

அன்றைக்குச் சிலுவைப்பாதை என்று அத்தை என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை. மத்தியானம் அம்மாவோடு வாசலில் உட்கார்ந்து புளியை ஓடு தட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து நடந்தபோது அப்பா கூப்பிட்டார்.

“பாப்பா, அங்க கால் வெக்காத. பனி பொதபொதன்னு இருக்குது. உள்ள இழுத்துரும்.”

குரலில் எந்த மாற்றமும் இல்லை. பஸ் வரும் நேரத்தைச் சொல்வது போலத்தான் சொன்னார். தூக்கிய காலோடு நான் நின்றேன். கீழே காய்ந்த மண்ணும் புளியோடும்தான் கிடந்தன. அனல் முகத்தில் அடித்தது. ஆனாலும் அந்தக் காலை அங்கே வைக்க எனக்கு மனசு வரவில்லை, சுற்றிக்கொண்டு போனேன். அப்போது உள்ளங்கால் சில்லென்று இருந்தது. அது பயத்தால் என்று இன்றைக்கு யார் சொன்னாலும் நான் முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்பா வீட்டுக்குள் போய்க் கம்பளிச் சட்டையையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு வந்தார். புளி உலுக்கும் கொம்பை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, வேலிப் படலுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். அதுவரை நடுங்கிய உடம்பு அந்த இடத்தில் போய் நின்றதும் அசையவே இல்லை. கண் மட்டும் புளியமரத்துக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு அடியில் கிடந்த நாய் எழுந்து வாலை இடுக்கிக்கொண்டு வெளியே போனது. அம்மா பக்கத்தில் போனாள். “தம்!” என்று ஒரு அதட்டல் போட்டார். அப்படி ஒரு குரல் அப்பாவிடம் இருந்தது என்பதே எங்களுக்குத் தெரியாது.

“என்னங்க, நாந்தாங்க. உள்ள வாங்க, வெயிலு கொளுத்துது.”

“பத்லி வராம எடத்த உட்டு வரக்கூடாது,” என்றார் அப்பா. அம்மாவை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. “பத்லி எங்க? எவ்ளோ நேரம் ஆவுது! பத்லி அனுப்புங்க.”

இந்த இடத்தில் எங்கள் ஊர்ச் சொல் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ‘பத்லு’ என்றால் ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று. களையெடுக்க வர முடியாதவள் தன் தங்கச்சியைப் பத்லுக்கு அனுப்புவாள். நெல் கொடுக்க முடியாதவர்கள் பத்லுக்கு ராகி அளப்பார்கள். அப்பா சொன்னது பத்லியா பத்லுவா என்று நின்று நிதானிக்க அங்கே யாருக்கும் தெம்பு இல்லை.

உபதேசியார் தீர்த்தப் பாட்டிலோடு வந்தார். படலைத் தாண்டியதும் “தம்!” என்ற சத்தத்தோடு கொம்பு அவர் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. பாட்டில் கை நழுவிக் கீழே விழுந்தது. அப்பா அவர் முகத்தை ஆசையோடு பார்த்து, “பத்லியா?” என்று கேட்டார். உபதேசியார் வந்த வேகத்தில் பின்னாலேயே நடந்து, வேலியைச் சுற்றி அடுப்பங்கரைப் பக்கம் வந்து சேர்ந்தார்.

“பத்லு கேக்குதுங்க,” என்றார் அத்தையிடம். “பனியில செத்துப்போனவன் எவனோ கூடவே வந்துட்டான். இவர உடணும்னா பத்லுக்கு ஒரு ஆளு வேணும்ங்கறான்.”

“யாரக் கேக்கறான்?”

“அதச் சொல்லலீங்க. சின்னதுங்கள அந்தப் பக்கம் உடாதீங்க.”

அத்தையின் கண் எங்கள் எல்லோர் மேலும் ஒரு சுற்றுப் போய் வந்தது. நானும் அவளோடு சேர்ந்து யோசித்துப் பார்த்தேன். அம்மா போனால் சோறாக்க ஆள் இல்லை. என் தம்பி இன்னும் பால் குடிக்கிறான், அவனைக் கொம்பு பிடித்து நிற்கச் சொல்ல முடியாது. அத்தை போகமாட்டாள், அவளுக்குச் சாயங்காலம் சிலுவைப்பாதை இருந்தது. மிச்சம் இருந்தது நான்தான். பேயை நினைத்தால் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம், அப்பா இப்படியே நின்று செத்துப்போய்விடுவாரோ என்பது. அவர் உதடு வெடித்திருந்தது. தொப்பிக்குக் கீழே வியர்வை காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. எனக்கு அப்பா வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் கோட்டர்ஸ்காரம்மா வந்தாள். அவளுக்கு வேறு பெயர் இருந்தது. மிலிட்டரிக்காரர் பெண்டாட்டியாக வடக்கே குவார்ட்டர்ஸில் குடியிருந்துவிட்டு வந்தவள், எதற்கெடுத்தாலும் “எங்க கோட்டர்ஸ்ல” என்று ஆரம்பிப்பாள், அதனால் அந்தப் பெயர். சில வருஷம் முன்பு அவள் புருஷன் அவர்கள் வீட்டு வாசலிலேயே செத்துப்போனார். பனிப்பேய் அடித்துவிட்டது என்று ஊரில் பேச்சு. அதற்குப் பிறகு அவள் கோயிலுக்கு வருவதில்லை. நாங்கள் பிள்ளைகள் அவள் வீட்டைத் தாண்டும்போது ஓடித்தான் தாண்டுவோம். அவள் தெருவில் வருவதைப் பார்த்ததும் அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள். அந்த வீட்டுப் பேய்தான் இந்த வீட்டுக்கு வந்திருக்கிறது, அதைத் தேடிக்கொண்டு இவள் வருகிறாள் என்றாள்.

“தம்! கோன் ஆதா ஹை?” என்றார் அப்பா.

அவள் நின்ற இடத்திலேயே கால்களைச் சேர்த்து நிமிர்ந்து நின்றாள். “தோஸ்த்,” என்றாள். அப்பா கொம்பை இறக்கினார். அவ்வளவு பேரையும் விரட்டியவர் அவளுக்கு வழி விட்டார். ‘நில், வருவது யார்’ என்று காவல்காரன் இந்தியில் கேட்பதும் ‘நண்பன்’ என்று பதில் சொல்வதும்தான் அது என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு, பேயின் பாஷை அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று எனக்கு ரோமம் குத்திட்டது.

அவள் அம்மாவையும் உபதேசியாரையும் அடுப்பங்கரைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பேசியதை அம்மா வெகுகாலம் கழித்து எனக்குச் சொன்னாள்.

“எப்பருந்து குடிக்கல?” என்று கேட்டிருக்கிறாள்.

“விபூதிப் புதனிலருந்துங்கக்கா. ஒரு சொட்டு தொடல.” அம்மா அதைப் பெருமையாகத்தான் சொன்னாளாம்.

“அய்யோ, ஒரேயடியாவா நிறுத்துனீங்க! பழகுன ஒடம்பும்மா. சட்டுனு நிறுத்துனா இப்படித்தான் கண்டதெல்லாம் தெரியும், அப்பறம் வலிப்பு வந்து உசுரே போயிரும். மிலிட்டரி டாக்டரு எங்கிட்ட சொன்னாரு, எல்லாம் முடிஞ்ச பொறவு. பேயும் இல்ல ஒண்ணும் இல்ல. இப்பவே தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்.”

“பத்லு கேக்குதுங்களே,” என்றிருக்கிறார் உபதேசியார்.

“பத்லு இல்லீங்க, பத்லி. காவலு மாத்தி உட வர்ற அடுத்த ஆளு. அவன் வராம சென்ட்ரி நகரக் கூடாது, அதான் நிக்கறாரு. யாராச்சும் ஒரு ஆம்பள போயி கொம்ப வாங்கிக்கிட்டு நில்லுங்க. தானா உள்ள வந்துருவாரு.”

இது எதுவும் என் காதில் விழவில்லை. வெளியே வந்து அவள் ஒவ்வொரு ஆணாகப் பார்த்து, “நீங்க பத்லிக்குப் போறீங்களா?” என்று கேட்டது மட்டும்தான் கேட்டது. புளி ஏற்ற வந்திருந்த டெம்போக்காரர், “எனக்குப் புள்ள குட்டி இருக்குதுங்க,” என்றார். உள்ளே விளக்கமாகக் கேட்டுவிட்டு வந்த உபதேசியாரே, “நான் போயிட்டா கோயில யாருங்க பாக்கறது?” என்றார். வேலிக்கு வெளியே வேடிக்கை பார்த்து நின்ற ஊர்க்காரர்கள் மெதுவாகக் கலைந்தார்கள். கடைசியில் அவளே போய்க் கையை நீட்டினாள். அப்பா அவள் புடவையைப் பார்த்து மரியாதையாகச் சொன்னார்: “பொம்பளைங்க போஸ்ட்டுக்கு வரக்கூடாதும்மா. கீழ எறங்கிப் போயிருங்க. இருட்டறதுக்குள்ள போயிருங்க.”

வெயில் நடுத்தலையில் நின்றது. அப்பாவின் முழங்கால் லேசாக மடங்கி நிமிர்ந்தது.

“நான் போறேன்,” என்றேன்.

கோட்டர்ஸ்காரம்மா திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. “வா கண்ணு,” என்றாள். எத்தனை சுலபமாகச் சொன்னாள்! அம்மா தடுப்பாள் என்று பார்த்தேன். அம்மா தடுக்காமல் ஓடிப்போய் டிரங்குப் பெட்டியிலிருந்து அப்பாவின் பழைய ஓவர்கோட்டை எடுத்து வந்து மாட்டினாள், குரங்குக் குல்லாயை என் சடைமேல் இழுத்துவிட்டாள். எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு எல்லாம் புரிந்துதான் முன்வந்தேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். என்னைக் கொடுத்துவிட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு என்னைவிட அப்பாதான் வேண்டும் என்பதில் எனக்குக் கோபம்கூட வரவில்லை. எனக்கும் அப்பாதானே வேண்டும்.

கோட்டு தரையைக் கூட்டிக்கொண்டு வர, அப்பாவுக்கு எதிரே போய் நின்றேன். “பத்லி,” என்றேன்.

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் நான் இல்லை. “புது ஆளா? இவ்ளோ சின்னப் பசங்களயா அனுப்பறாங்க,” என்று அலுத்துக்கொண்டார். கோட்டின் மேல் பொத்தான் திறந்திருந்தது. அதை மாட்டிவிடப் பார்த்தார், விரல் நிற்கவில்லை. நானே மாட்டிக்கொண்டேன். பிறகு கொம்பை என் கையில் கொடுத்து, காதோரமாக அடங்கின குரலில் சொன்னார்.

“தூங்கிராத. காலை அசைச்சுக்கிட்டே இரு, இல்லன்னா வெரலு போயிரும். அந்தப் பாறைக்குப் பின்னாலருந்துதான் வருவாங்க. பயப்படாத.” புளியமரத்தைக் காட்டினார். நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினார். “ஊர்ல எனக்கு ஒரு பாப்பா இருக்குது. உன் ஒசரந்தான் இருக்கும். லீவு குடுத்துட்டாங்க, போய்ப் பாக்கணும்.”

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அப்பா என்று கூப்பிட்டுவிடுவேன், அவர் திரும்பி வந்து கொம்பை வாங்கிக்கொள்வார் என்று பயம். அவர் பாட்டுக்கு நடந்து போய், கதவைத் தாண்டியதும் அப்படியே சரிந்தார். அம்மாவும் டெம்போக்காரரும் பிடித்துக்கொண்டார்கள். டெம்போவில் இருந்த புளி மூட்டைகளின் மேல் ஒரு பாயை விரித்துப் படுக்க வைத்தார்கள். அம்மா ஏறினாள், தம்பியைத் தூக்கிக்கொண்டு அத்தை ஏறினாள், உபதேசியாரும் வெட்கப்பட்டோ என்னவோ ஏறிக்கொண்டார். ஊர்க்காரர் யாரோ டெம்போவைப் பின்னாலிருந்து தள்ளிக் கிளப்பிவிட்டார்கள். புழுதி அடங்கியபோது வாசலில் நான் மட்டும் நின்றிருந்தேன்.

அந்த மத்தியானத்தின் அமைதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. காக்கைகூடக் கத்தவில்லை. பாயில் கிடந்த புளி வெயிலில் காய்ந்து, காற்றே இல்லாமல் தானாகப் பட் பட்டென்று வெடித்தது. ஒவ்வொரு சத்தமும் ஒரு அடி கிட்டே வந்தது போல இருந்தது. கம்பளிக்கோட்டுக்குள் எனக்கு வியர்வை வழிந்தது, பல் கிட்டியது. அப்பா சொன்னபடி காலை அசைத்துக்கொண்டே இருந்தேன். புளியமரத்துக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ நகர்ந்தது.

“தம்!” என்று கத்தினேன். அது என் குரல் மாதிரி இல்லை.

“தோஸ்த்,” என்று பதில் வந்தது. வெள்ளைப் புடவையில் கோட்டர்ஸ்காரம்மா. அவள் டெம்போவில் போகவில்லை, புளியமரத்து வழியாகக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்திருந்தாள். எனக்கு எதிரே வந்து நிமிர்ந்து நின்றாள். “பத்லி வந்திருக்கேன். நீ போலாம் கண்ணு.”

அப்பாவுக்கு நான், எனக்கு இவள். பேய்க்குத் தன்னைத்தான் கொடுத்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. ஆனாலும் கொம்பைச் சட்டென்று அவள் கையில் திணித்துவிட்டு வீட்டுப் படிக்கு ஓடினேன். உயிர் பிழைத்த சந்தோஷத்தில் அழுகை வந்தது.

அப்பா பாஸ்குக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்தின வாரம் இளைத்துப்போய்த் திரும்பி வந்தார். பிற்பாடு ஓரிரு தடவை வழுக்கினார். ஒவ்வொரு தடவையும் அம்மா கோயிலுக்குப் போகும் முன் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போனாள். அவர் என் கல்யாணம் வரைக்கும் இருந்தார். அம்மாவும் கோட்டர்ஸ்காரம்மாவும் சேர்ந்துகொண்டு பாப்பிரெட்டிப்பட்டி, தொப்பூர் என்று பஸ் ஏறிப் போவார்கள். எந்த ஊரில் மிலிட்டரிக்காரர் பாட்டிலோடு வந்து உட்கார்ந்தாலும் அந்த வீட்டுப் பெண்களோடு போய் உட்கார்ந்து பேசுவார்கள். போகப்போக அத்தையும் செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு கூடவே போனாள். மூவரும் ஊர் வம்பு பேசப் போகிறார்கள் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

கோட்டர்ஸ்காரம்மாவின் புருஷன் எப்படிச் செத்தார் என்பதை அம்மா ரொம்பப் பின்னால்தான் சொன்னாள். அவரும் இதே மாதிரி ஒரேயடியாகக் குடியை நிறுத்தி, இதே மாதிரி வாசலில் நின்று பத்லி கேட்டாராம். அந்தச் சொல் இவளுக்குத் தெரியும். கொம்பை வாங்க ஓடியிருக்கிறாள். பேய்க்குப் பத்லாகப் போகிறாளே என்று ஊரே சேர்ந்து அவளைப் பிடித்து இழுத்து, அறைக்குள் தள்ளி வெளியே தாழ் போட்டுவிட்டது. கதவை இடித்துக்கொண்டு அவள் கத்திய அர்த்தத்தை யாரும் காதில் வாங்கவில்லை. ஜன்னல் வழியாக அவர் நிற்பது அவளுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. விழுகிற வரைக்கும் அவர் நின்றார்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும். கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வாசற்படியிலிருந்து பார்த்தேன். அவள் கொம்பைக் கீழே போடவில்லை. அப்பா நின்ற அதே இடத்தில், அதே விறைப்பில், வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

“வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க,” என்று கூப்பிட்டேன்.

“இரு கண்ணு,” என்றாள், திரும்பாமல். “அவரு இப்பத்தான் உள்ள போயிருக்காரு. கொஞ்சம் தூங்கட்டும்.”

“அப்பா வூட்ல இல்லீங்க. டெம்போல போயிட்டாரு,” என்றேன்.

“ஆமாமா,” என்றாள். ஆனால் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பெரியவர்களுக்கும் வெயில் தலைக்கு ஏறினால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் பானையில் தண்ணீர் மொண்டு குடிக்க உள்ளே போனேன்.